பரளச்சியில் ஒரு படித் தவிடு

கொழும்பில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மகன் தன் ஆறு வயது மகளிடம், "உன்னை நாங்கள் பெறவில்லையடி, தவிட்டுக்கு வாங்கினோம்" என்றான். மேசையில் ஐந்து பேர் இருந்தோம். மூன்று பேர் சிரித்தார்கள். குழந்தை உதட்டைப் பிதுக்கினாள். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துச் சுவரில் அடித்தேன்.

தமிழர் வீட்டில் எல்லாக் குழந்தைகளையும் இப்படிச் சீண்டுகிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் என்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தையொட்டி, திருச்சுழிக்குத் தெற்கே பரளச்சி என்ற ஊரில், மூக்கையா என்று ஒருவர் தம் கைக்குழந்தையை ஒரு படித் தவிட்டுக்குக் கொடுத்தார். அந்த ஊரில் கிறிஸ்தவ உபதேசியாராக இருந்த என் அப்பா வாங்கினார். வாங்கிய பிள்ளையோடு இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களில் வேதமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து, என்னையும் படிக்கவைத்தார். நான் பன்னிரண்டு வயதில் கேட்டபோது, "உனக்கு நான் கொடுத்த விலை ஒரு படித் தவிடு" என்று சிரிக்காமல் சொன்னார். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

பிறகு துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுகிற கிளார்க்காக வேலை பார்த்துக் கிழவனானேன். அரிசி மூட்டை இறக்கினால் தரையில் தவிடு சிந்தும். சாயங்காலம் அதைக் கூட்டிக் கடலில் தள்ளுவார்கள். நான் நின்று பார்ப்பேன். படிக்கு ஒரு பிள்ளை என்றால் இன்று எத்தனை பேர் போகிறோம் என்று மனது கணக்குப் போடும்.

யுத்தம் முடிந்துவிட்டது. என் மனைவியும் போய்விட்டாள். எனக்கு எழுபது வயது, பதினொரு பல், ஒழுங்காக அடிக்காத இருதயம். மூக்கையா வகையறாவில் ஒருவராவது உயிரோடிருந்தால், முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்று புறப்பட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு படிதானா? கப்பல், ரயில் விவரங்களை விட்டுவிடுகிறேன். அவற்றால் யாருக்கும் பயன் இல்லை.

மதுரையில் ஏறிய பஸ் கரியில் ஓடியது. பெட்ரோல் கிடைப்பதில்லையாம். வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதற்குள் அடுப்புக் கரியைக் கொட்டி, கண்டக்டர் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றுகிறார். உருளை இருமுகிறது. பஸ்ஸும் இருமுகிறது. பிறகு உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இருமுகிறார்கள். இருபத்துநான்கு பேர் உட்காரும் வண்டியில் ஆடுகளைச் சேர்க்காமல் நாற்பத்தொரு பேர். கொழும்பில் டிராம் வண்டி கூட்டமாக இருக்கிறதென்று நான் பத்திரிகைக்கு எழுதியவன். அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காரியாபட்டி தாண்டி ஒரு சின்ன மேடு. பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் கதவைத் திறந்து கத்தினார்:

"ஏலே குப்பா! பிச்ச! மூக்கா! எறங்குங்கடா. அமாவாச, ஒனக்கு வேற தனியாச் சொல்லணுமா? எறங்கித் தள்ளுலே!"

"டிக்கெட்டும் எடுத்துட்டுத் தள்ளவும் செய்யணுமாக்கும்?" என்றான் ஒருவன்.

"தள்ளாட்டி நடந்து போகணும். எது சவுரியம்?"

இறங்கினார்கள். மூன்று குப்பன்கள், இரண்டு பிச்சைகள், ஒரு மூக்கன், ஒரு அமாவாசை. அத்தனை பெயரும் அந்த ஒரே பஸ்ஸில். என்னைத் தள்ளச் சொல்லவில்லை. "பெரியவரு உக்காருங்க, நீங்க எறங்கினாலும் எடை ஒண்ணும் கொறையாது" என்றார் கண்டக்டர். பெற்ற பிள்ளைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைக்கிற சீமையில் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றதில் என்ன அதிசயம் என்று வைதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு காப்பிக் கிளப்பில் இறங்கினேன். சீனி இல்லை. காப்பியில் கருப்பட்டி. இட்லி கல் மாதிரி இருந்தாலும் சட்னி நன்றாக இருந்தது. கடைக்காரர் என் கோட்டைப் பார்த்து ஊர் விசாரித்தார்.

"கொளும்புல சீனி கெடைக்குதா ஐயா?"

"அளவுக்குக் கிடைக்கிறது."

"மீனு, அரிசி?"

"கிடைக்கிறது."

"மள?"

"வேண்டாம் என்றாலும் பெய்கிறது."

"பெறகு எதுக்கு ஐயா இங்க வந்தீக?" என்றார். மற்ற மேசைக்காரர்கள் சிரித்தார்கள். காசை வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்தால் தெரு முழுக்க நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். குனிந்து போனேன். கொடியில் காயப்போட்டிருந்த நூலிலிருந்து சிவப்புச் சாயம் என் வெள்ளைக் கோட்டில் சொட்டியது. எண்ணினேன், ஏழு சொட்டு. "கெட்டிச் சாயம் ஐயா, போகாது" என்று நெசவாளி பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் திருச்சுழி வரை இன்னொரு பஸ். அங்கிருந்து மாட்டு வண்டி. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த காடு. வெடித்த கருப்பு மண். ஆங்காங்கே உடை மரம், பனை. பச்சை என்பது ஆட்டின் வாயில் மட்டும் இருந்தது. கொழும்பில் என் குளியலறைச் சுவரில் வளரும் பாசியை இங்கே கொண்டுவந்து நட்டால் விவசாயம் என்று சொல்வார்கள். குண்டாற்று மணலில் வண்டிச் சக்கரம் புதைந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்காமலே எனக்கு ஒரு சொம்பு கொடுத்தாள். அவள் அதை மொள்ள எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று பார்த்திருந்ததால் ஒரு சொட்டுக்கூட மீசையில் விடாமல் குடித்தேன்.

வண்டிக்காரரிடம் மூக்கையா வீடு தெரியுமா என்றேன்.

"மூக்கையா தாத்தா செத்து எம்புட்டோ காலமாச்சே. அவுக மக, பஞ்சத்துக்குப் பெறகு பெறந்த குப்பம்மா கெளவிதான் இருக்காக. நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

"ஒன்றும் வேண்டாம்" என்றேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

எனக்கு ஒரு தங்கை இருப்பது அப்போதுதான் தெரியும். என்னை விற்றுவிட்டு இன்னொன்று பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதையும் அந்த வண்டியிலேயே கோபக்கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

குப்பம்மாள் வாசலில் சாக்கு விரித்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த பெண். நான் வாயைத் திறப்பதற்குள் மிளகாய் நெடி ஏறி அடுத்தடுத்துத் தும்மினேன். வருஷக்கணக்காக ஒத்திகை பார்த்த கேள்வியின் தொடக்கம் இப்படி ஆயிற்று.

"மூக்கையா வீடு இதுதானா?"

"ஆமா. நீங்க எந்தூரு?"

"கொழும்பு."

கிள்ளிய கை நின்றது. என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். எழுந்து உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கட்டிலைத் துடைத்து நிழலில் போட்டாள். பிறகுதான் கேட்டாள்:

"உபதேசியாரய்யா வீட்டுப் பிள்ளையா?"

"ஆமாம். உன் அப்பன் விற்ற பிள்ளை."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையசைத்தாள். "ஆமா, வித்தாக."

"ஒரு படித் தவிட்டுக்கு!"

"ஒரு படிதான். அதுக்கு மேல வாங்கினா நெசமான யாவாரமால்ல போயிரும்?"

நான் எழுந்து நின்றேன். ஊர் கேட்கக் கத்தினேன். மாட்டை விற்றாலும் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவார்கள், நீங்கள் மனிதர்களா, பஞ்சம் என்றால் சேர்ந்து செத்திருக்க வேண்டியதுதானே என்றெல்லாம் சொன்னேன். அவள் மறுபடி மிளகாய்க் காம்பு கிள்ளினாள். நான் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னாள்:

"வேதப் பொஸ்தகம் வாசிக்கிற மாதிரியே வையுறீக. நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க. பஞ்சத்துலயா வித்தாக? பஞ்சம் அடுத்த வருசம்ல வந்துச்சு."

பிறகு அவள் சொன்னதை நான் சுருக்கி எழுதுகிறேன். எனக்கு முன்னால் அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்து, பெயர் வைத்து, கூப்பிட்டு, செத்தார்கள். அப்படிச் சாகிற வீட்டில் அடுத்த பிள்ளையைப் பெற்றவர்களுடையது என்று காட்டக் கூடாதாம். அடுத்த வீட்டுக்காரி ஒரு படித் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். தவிட்டுக்குப் போன பிள்ளையைச் சாவு ஒரு பொருட்டாக நினைக்காதாம். பிள்ளை எழுந்து நடந்து தேறியதும், வாங்கிய தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதுவரைக்கும் பெற்றவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. என் தாய் தேர்ந்தெடுத்த அடுத்த வீட்டுக்காரி உபதேசியார் மனைவி, பிள்ளை இல்லாத என் அம்மா.

"வேதக்கார வீட்டுக்குள்ள அது நொழையவே நொழையாதுன்னு எங்காத்தாவுக்கு ஒரு நெனப்பு" என்றாள் குப்பம்மாள்.

பஸ்ஸை இறங்கித் தள்ளிய அத்தனை பேரும் என் நினைவுக்கு வந்தார்கள்.

"உன்னை யாருக்கு விற்றார்கள்?" என்றேன்.

"அப்ப ஊருல வாங்க யாரு இருந்தா? குப்ப மேட்டுல உருட்டி எடுத்துக் குப்பம்மான்னு வச்சுட்டாக. உங்களுக்குத் தவுடு, எனக்குக் குப்ப. வெலையில நீங்கதான் ஒசத்தி."

நான் சிரிக்கவில்லை. "பிறகு ஏன் என்னைத் திருப்பி எடுக்கவில்லை?"

அவள் ஒரு மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கிள்ளவில்லை.

"அந்தத் தவுட்ட ஒரு கலயத்துல கட்டி உத்தரத்துல தொங்க விட்டிருந்தாக. நீங்க நடக்க ஆரம்பிச்சப்ப மள இல்ல. கம்பு இல்ல, சோளம் இல்ல. எங்கய்யாவுக்குக் காச்ச கண்டு படுத்துட்டாக. எங்காத்தா கலயத்த எறக்கினா. அம்புட்டுத் தவுட்டையும் கரைச்சுக் கஞ்சி காச்சி அவுக வாயில ஊத்தினா. அவுக பொழச்சாக. அதுக்குப் பெறகுதான் நான் பெறந்தேன்."

வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தது. நான் நகரவில்லை.

"உபதேசியாரய்யா கொளும்புக்குக் கெளம்பிட்டாக. வண்டிக்குப் பின்னாடியே எங்காத்தா நரிக்குடிக் கம்மா வரைக்கும் நடந்து போனாளாம். கையில அந்த வெறுங்கலயம். உபதேசியாரம்மா திரும்பித் திரும்பிப் பாத்தாகளாம். நீங்க அவுக மடியில தூங்கிட்டீகளாம்."

"கூப்பிட்டிருக்கலாமே! வாய் இல்லையா அவளுக்கு?"

"என்னன்னு கூப்பிட? தவுடு குடுக்காமக் கூப்பிட்டா அது கேட்டுக்கிறாதா? மூணு பேரக் கூப்பிட்டா. மூணும் மண்ணுக்குப் போச்சு. கூப்பிடாத ஒண்ணுதான் எழுவது வருசம் கழிச்சு எம் முன்னால உக்காந்து சண்ட போடுது."

எனக்குக் கோபம் அதிகமாயிற்று. ஆனால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்கும் இடம் மாறிவிட்டது. அப்பாவுக்குத் தெரியும். வழக்கம் தெரியும், கலயம் தெரியும், பின்னால் நடந்து வந்தவள் யார் என்றும் தெரியும். என்னிடம் விலையை மட்டும் சொன்னார். திருப்பி எடுக்க வந்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதைச் சொல்லவில்லை. பொய் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று எனக்குப் போதித்த மனிதர், பொய் சொல்லாமலே இதைச் செய்திருக்கிறார்.

"அவர் திருடினார்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீக. இங்க விட்டுட்டுப் போயிருந்தா நீங்க நாலாவது."

மத்தியானம் சாப்பாடு போட்டாள். குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, சீனியவரைக்காய் வற்றல். பதினொரு பல்லுக்கும் வேலை இருந்தது. நல்ல சாப்பாடு. ஆனால் விருந்தாளிக்குப் போடுவதுபோலத் தள்ளி நின்று போட்டாள். "கொளும்புக்காரவுக இன்னுங் கொஞ்சம் வச்சுக்கிடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் என்று ஒரு தடவை வாய் தவறிக்கூட வரவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

"இப்போதாவது முறை சொல்லிக் கூப்பிடலாமே. எனக்கு எழுபது வயது. இனிமேல் என்னை யார் பிடித்துக்கொண்டு போனால் என்ன?"

"குடுத்துட்டுக் கூப்பிடுறேன்."

உள்ளே போய் ஒரு கலயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. உள்ளே புதுத் தவிடு. மழை திரும்பிய வருஷத்திலிருந்து, ஒவ்வோர் அறுப்புக்கும் என் தாய் ஒரு படித் தவிடு எடுத்துக் கட்டி வைப்பாளாம். அடுத்த அறுப்பில் பழையதை மாட்டுக்குக் கொட்டிவிட்டுப் புதியது. அவள் செத்த பிறகு இவள். இந்தத் தை மாதம்தான் மாற்றியிருக்கிறாள்.

"யாரிடம் கொடுப்பாய்? வாங்கினவர்கள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள்."

"அவுகளுக்கு வாரிசு யாரு?"

"நான்தான்."

"பெறகென்ன? ஏந்துங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருமுறை கேட்காமல் விற்றார்கள். இப்போது நானே என்னை விற்க வேண்டுமாம். அந்த மனிதர் என்னைத் திருடியிருக்கலாம். மலைக் குளிரில் தம் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு விறைத்துக் கிடந்தவரும் அவர்தான். நான் கையேந்தினால் அவர் மகன் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தது போல.

"என் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அது விற்பனைக்கு இல்லை" என்றேன்.

அவள் கலயத்தின் வாயைக் கட்டினாள். "சரி" என்றாள். கலயத்தை உள்ளே வைத்துவிட்டு, ராத்திரிக்குக் கட்டிலில் எனக்குப் படுக்கை விரித்தாள்.

அடுத்த நாள் காலையில் மாட்டு வண்டியில் திருச்சுழிச் சாலைக்கு வந்தேன். அருப்புக்கோட்டைக்குப் போகிற கரி பஸ் வழக்கம்போல அணைந்து நின்றது. உருளையின் வயிற்றைத் திறந்து கண்டக்டர் கிளறிக்கொண்டிருந்தார். குப்பம்மாள் கூடவே வந்திருந்தாள். ஒரு கையில் கலயம், மறு கையில் மரப்படி. வேண்டாமென்றவனிடம் எதற்குக் கொண்டுவந்தாள் என்று கேட்கவில்லை. அவளுக்கு அது வழக்கம். அவள் தாயும் அப்படித்தான் கலயத்தோடு வண்டிக்குப் பின்னால் வந்தவள்.

அவள் கண்டக்டரிடம் போய், "யப்பா, அந்தக் கொளும்புக்காரவுகள நல்ல எடமாப் பாத்து உக்கார வையி. யாரோ எவுகளோ, தூரத்துல இருந்து வந்திருக்காக" என்றாள்.

யாரோ எவுகளோ. அந்தச் சொல்லோடு நான் கப்பலேறி, அந்தச் சொல்லோடு செத்துப்போகலாம். செய்திருப்பேன். ஆனால் என் தொழில் குறுக்கே வந்தது. அனுப்பிய சரக்கு வந்து சேராமல் கணக்கை மூடுகிற கிளார்க்கு எந்தத் துறைமுகத்திலும் இல்லை. என் அப்பாவுக்கு வரவேண்டியது ஒன்று நரிக்குடிக் கண்மாய்க் கரையோடு நின்றுவிட்டது. அவர் அதை வாங்காமல் ஓடிவந்துவிட்டார். வாங்கியிருக்க வேண்டியவர். அவர் பிள்ளையாக நான் அதை வாங்கி வைப்பதில் அவருக்கு என்ன குறைவு? அதை வாங்கத் துணியாதவராக அவரை விட்டுவைப்பதுதான் குறைவு.

"அள" என்றேன், கத்தலாக. மேல்துண்டை விரித்து இரண்டு கையாலும் பிடித்தேன்.

அவள் படியைக் கோபுரமாகக் குவித்தாள். நான் விடவில்லை. "ஒரு படிதான் விலை" என்று உள்ளங்கையால் தலை தட்டி, மிச்சத்தைக் கலயத்திலேயே தள்ளினேன்.

"தவுட்டுக்குக்கூடத் தல தட்டுறாரய்யா மனுசன்!" என்றார் கண்டக்டர். "பெரியவரே, கொளும்புல மாடு வளக்கீகளோ?"

"நீ உன் கரியைப் பார்" என்றேன்.

குப்பம்மாள் படியைக் கவிழ்த்தாள். தவிடு துண்டில் விழுந்தது. எடையே இல்லை. நான் முடிச்சுப் போட்டேன். மூன்று தடவை அவிழ்ந்தது. பிறகு அவளே போட்டாள். போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே" என்றாள். அதற்குப் பிறகு ஒரு பெயர் சொன்னாள். நான் பிறந்த அன்று என் தாய் தனக்குள் வைத்து, ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லாமல், தான் சாகும்போது மகளிடம் கொடுத்துவிட்டுப் போன பெயர்.

நான் திரும்பி என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. "இவ்வளவு நாள் கழித்தா?" என்று திட்டியதாகத்தான் நினைவு. ஏழெட்டுப் பேர் தள்ள, பஸ் இருமிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவள் சாலை நடுவில் வெறும் படியோடு நின்று, இரண்டு மூன்று தடவை அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். புகையில் அவள் முகம் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

துண்டு முடிச்சு இப்போது கொழும்பில் என் மேசைமேல் இருக்கிறது. வழியில் கால்வாசி சிந்திவிட்டது. பேத்தி அது என்ன என்று கேட்டாள். தாத்தாவின் விலை என்றேன். நிறைய இருக்கிறதே என்றாள்.

இதைப் படித்த நண்பர் ஒருவர், அந்தப் பெயரைச் சொல்லாமல் கட்டுரையை முடிப்பது முறையல்ல என்கிறார். இருக்கலாம். எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை ஒரு துளியும் இல்லை. ஆனாலும் எழுத மாட்டேன். எழுபது வருஷம் மூன்று பெண்பிள்ளைகள், என் அம்மாவையும் சேர்த்து, என்னை ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். குப்பம்மாள் இப்போது கூப்பிட்டுவிட்டாள், அது அவள் உரிமை. எனக்கோ அடுத்த மாதம் இருதய வைத்தியரிடம் போக வேண்டியிருக்கிறது.